மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த மணி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, துணி துவைக்கும் மெஷினுக்குள் ஏதோ ஒன்று டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. நான் கேட்காததுபோலக் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவால் அப்படி இருக்க முடியாது. மெஷின் நின்றதும் கதவைத் திறந்து, என் பழைய மழைச் சட்டையின் பைக்குள் கையை விட்டு, ஒரு சின்ன மரக் குச்சியை எடுத்து மேசையில் வைத்தார்.

“இந்தா, உன்ரை ஆணி. மெஷின் பழுதாப் போனால் திருத்த வாற மனுசனோடை நான்தானே இங்கிலீசிலை கதைக்க வேணும்.”

ஆணி இல்லை அது. கோல்ஃப் ஆட்டத்தில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும்போது பந்தை ஏற்றி வைக்கிற குச்சி. அம்மாவுக்கு அது அன்றும் இன்றும் ஆணிதான். நான் சட்டையை உதறி மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் சோப்பு மணத்தது. அதற்கு அடியில், எத்தனை முறை துவைத்தாலும் போகாத இன்னொரு வாசம் இருந்தது. உப்பும் ஈர மணலும் காலடியில் நசுங்கிய புல்லும் சேர்ந்த வாசம். அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் அந்த வாசம் வருகிற இடத்துக்குத்தான் போவதாக இருந்தோம். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோல்ஃப் மைதானம் என்றால் உங்கள் மனதில் என்ன படம் வரும் என்று எனக்குத் தெரியும். சீராக வெட்டிய புல், நடுவில் ஒரு குளம், குளத்தில் ஒரு வாத்து. நான் சொல்லும் இடத்தில் அதெல்லாம் கிடையாது. மெல்பேர்னிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் கடலோரத்தில் காற்று குவித்துப்போட்ட மணல்மேடுகள் வரும். அவற்றின் மேல் முள்ளுப்போலக் குத்தும் புல், ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த புதர்ப் பற்றைகள். இப்படி இயற்கை போட்டுவைத்தபடியே கிடக்கும் கடலோர மைதானத்துக்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர். இந்த மைதானம் நூறு வருடங்களுக்கும் மேல் பழையது. அந்தக் காலத்தில் புல் வெட்ட ஆள் வைக்கவில்லையாம், செம்மறியாடுகளை விட்டு மேய்த்தார்களாம். செம்மறிகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த பள்ளங்கள்தான் இன்றைக்கும் மணல் குழிகளாக இருக்கின்றன என்று சொல்வார்கள். தகரக் கூரை போட்ட, பச்சைப் பெயின்ற் அடித்த ஒரு மரக் கட்டடம்தான் கிளப். பெரிய ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே நுழைவது லேசில்லை.

நான் கோல்ஃப் பக்கம் போனது வேலையால்தான். பிசியோதெரபி படித்து முடித்ததும் கடலுக்குப் பக்கத்துப் புறநகர் ஒன்றில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்காலோ இடுப்போ மாற்றிய வயதானவர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. “நான் எப்போது திரும்ப மட்டை பிடிக்கலாம்?” எனக்கு மட்டையும் தெரியாது, அதை எப்படி வீசுவார்கள் என்பதும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா ஏணி வைத்துக் கூரை வேய்ந்தவர், பள்ளிக்கூடத்துக் கூரையையும் வெளியே நின்று வேய்ந்தவர். அம்மா மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஓர் இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்தவர். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஒருத்தி ‘தெரியாது’ என்று எப்படிச் சொல்வாள்? கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அருகே, பந்து அடித்துப் பழகுகிற இடம் ஒன்று இருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் அங்கே நின்று அடித்தேன். நோயாளிகளுக்காகத் தொடங்கியது, ஒரு வருடத்தில் எனக்காக ஆகிவிட்டது.

ப்ரூஸ் என்று ஒருவர், என்னிடம் முழங்காலுக்கு வந்தவர், குணமாகி ஒரு வருடம் கழித்து என்னை அந்த மைதானத்துக்கு விருந்தாளியாக அழைத்துப்போனார். முதல் மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வளைந்து வளைந்து போகும் புல்வெளி, காதில் காற்று. எனக்கு இங்கே விருந்தாளியாக வர விருப்பமில்லை, இந்த இடமே எனக்கு உரியதாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. சனிக்கிழமைகளில் உறுப்பினர்கள் மட்டும்தான் ஆடலாம். எனக்கு அப்போது லீவு கிடைத்ததோ சனிக்கிழமைகளில்தான்.

உறுப்பினராவதற்கு அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. இரண்டு பழைய உறுப்பினர்களோடு முழு ஆட்டம் ஒன்று ஆட வேண்டும். எத்தனை அடியில் முடித்தாய் என்று அவர்கள் பார்ப்பதில்லை. எப்படி நடக்கிறாய், மற்றவர் அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கிறாயா, நீ மிதித்த மணலை நீயே சரிசெய்கிறாயா என்பதைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேரில் ஒருவர் ப்ரூஸ். மற்றவர் மார்கரெட். எழுபதைத் தாண்டிய நெடிய பெண்மணி, நல்ல அடிக்குக்கூட ஒரு தலையசைப்புத்தான் கொடுப்பார்.

ப்ரூஸ் ரகசியமாகச் சொன்னார். “முடிவை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் மார்கரெட் உன்னை உள்ளே தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால், நீ சேர்ந்துவிட்டாய். கார் நிற்கிற இடத்திலேயே கைகுலுக்கினால், பேசாமல் வீட்டுக்குப் போய்விடு.”

நான் அதுவரை எந்தப் பரீட்சையிலும் தவறியதில்லை. ஆனால் அவையெல்லாம் கேள்வித்தாள் இருந்த பரீட்சைகள்.

அம்மாவுக்கு இது சுத்தமாக விளங்கவில்லை. “படிச்சு முடிச்சாச்சு, வேலையும் எடுத்தாச்சு. இன்னும் என்ன சோதினை? ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு போறதுக்கு உத்தரவு வேணுமோ?”

“அம்மா, அது அப்பிடியில்லை. பெரிய பழைய கிளப்.”

“அப்ப நானும் வாறன். தனிய அவ்வளவு தூரம் கார் ஓடுறதோ? அங்கை என்ன மாதிரிச் சனம் எண்டு நானும் ஒருக்காப் பாக்க வேணும்.”

பரீட்சை ஆட்டத்துக்கு மட்டும் சனிக்கிழமையில் விலக்கு உண்டு, அன்று அப்பாவுக்கு வேலை. அம்மாவைத் தடுக்க வீட்டில் ஆள் இல்லை. காலர் வைத்த சட்டைதான் போட வேண்டும் என்று கிளப்பில் விதி. அம்மா என் காலரை அயர்ன் பண்ணிய வேகத்தில் அதால் மரக்கறி வெட்டலாம் போலிருந்தது. பிறகு பெரிய பிளாஸ்க் ஒன்றில் இஞ்சித் தேத்தண்ணி, ஒரு டப்பா நிறைய மீன் ரோல்ஸ், பருத்திச் சல்வாருக்கு மேல் என் பழைய பல்கலைக்கழகக் கம்பளிச் சட்டை. இந்தக் கோலத்தில் அம்மா காரில் ஏறி உட்கார்ந்தார்.

அங்கே ஆட்டக்காரரின் பையை இழுத்துக்கொண்டு கூடவே ஒருவர் நடக்கலாம். அம்மா உடனே பை வண்டியின் பிடியை எடுத்துக்கொண்டார். “சந்தை வண்டில் மாதிரித்தானே கிடக்கு” என்றார். பிளாஸ்க்கை வண்டியின் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டினார். மார்கரெட் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

முதல் சில குழிகள் நல்லபடி போயின. அம்மாவை அமைதியாக வைத்திருப்பதுதான் சிரமம். என் பந்து ஒன்று பற்றைக்குள் போனதும், கடலுக்கே கேட்கும்படி, “ஐயோ, பத்தைக்கை போயிட்டுது! காலமை சாப்பிடாமல் வந்தால் உப்பிடித்தான்” என்றார்.

“என்ன சொல்கிறார்?” என்று ப்ரூஸ் கேட்டார்.

“பரவாயில்லை, அடுத்தமுறை பார்க்கலாம் என்கிறார்.”

“அதற்கு இவ்வளவு நீளமா?”

ஒரு சொல்லை மட்டும் நான் அம்மா முன்னால் எடுக்கவில்லை. அந்த மணல் குழிகளுக்கு எல்லோரும் சொல்லும் பெயர் பங்கர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு நினைவுகள் உண்டு. ஐந்து வயதில், ஊரில் குண்டு விழும்போது, பதுங்குகுழிக்குள் நான் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்த ஈர மண்ணின் வாசம் அதில் இருக்கிறது. நல்ல நாளில் எதற்கு என்று, மணல் குழி, மணல் குழி என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஏழாவது குழி வந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். முதல் அடி அடிக்கும் இடத்துக்கும் குழிக்கும் நடுவில் பெரிய மணல்மேடு ஒன்று படுத்திருக்கும். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேட்டின் உச்சியைக் குறிவைத்து அடித்துவிட்டு, அந்தப்பக்கம் நல்ல இடத்தில் விழுந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அப்படியானால் முன்னால் போன கூட்டம் அங்கே இன்னும் நிற்கிறதா, போய்விட்டதா என்று பின்னால் வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் மணி. மேட்டுக்கு அப்பால், குழிக்குப் பக்கத்தில், அடுத்த குழிக்குப் போகும் பாதையில் மணி ஒன்று தொங்கியது. ஆடி முடித்து எல்லோரும் விலகியபிறகு அதை அடிப்பார்கள். இனி ஆபத்தில்லை, நீங்கள் அடிக்கலாம் என்று பொருள். நூறு வருடமாக அந்த மணிக்கு அந்த ஒரு பொருள்தான்.

இனி அந்த மணி இருந்த விதத்தைக் கேளுங்கள். வெள்ளையடித்த தூண். தூணின் உச்சியில் ஓடு வேய்ந்த சின்னக் கூரை. கூரைக்குக் கீழே ஏதோ பழைய கப்பலிலிருந்து கழற்றிய, பச்சைக் களிம்பு ஏறிய வெண்கல மணி. தூணின் அடியில், கிளப்பைத் தொடங்கியவரின் ஞாபகமாக ஒரு உருண்டைக் கல். கல்லைச் சுற்றிச் சிவப்புப் பூச்செடிகள். முன்னால் பெருங்கடல். நீங்களே சொல்லுங்கள், எங்கள் அம்மா அங்கே போய் நின்றால் என்ன செய்வார்?

நாங்கள் மூவரும் குழியருகில் நின்றோம். மார்கரெட் குழியில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கிக் கீழே வைத்திருந்தார். நான் குந்தியிருந்து கடைசி அடிக்குப் புல்லின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வண்டியோடு முன்னாலேயே போய்விட்டார். திடீரென்று மணி ஒலித்தது. லேசாக இல்லை, தேருக்குச் சனத்தைக் கூப்பிடுவதுபோல ஓங்கி, கணகணவென்று. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

ப்ரூஸ் மெதுவாகச் சொன்னார். “யாராவது அவருக்குச் சொன்னீர்களா, அது எதற்கு என்று…”

சொல்லி முடிக்கவில்லை. மேட்டுக்கு மேலே ஒரு பந்து வந்தது. காற்றைக் கிழிக்கிற சத்தத்தோடு வந்து, எங்களுக்குக் கொஞ்சம் தள்ளித் தொப்பென்று விழுந்து துள்ளியது. ப்ரூஸ் கத்தினார். காற்று கடலை நோக்கி வீசியது, அவர் சத்தம் மேட்டைத் தாண்டவில்லை. நான் புல்லில் குப்புற விழுந்தேன். அம்மாவுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெறுங்காலோடு ஓடி வந்தார். “விழுந்து படுங்கோ! படுங்கோ!” என்று கத்திக்கொண்டே, கிட்ட நின்ற மார்கரெட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து மணல் குழிக்குள் குதித்தார். கிளப்பின் மிக மூத்த பெண் உறுப்பினர் தலைகுப்புற மணலில் கிடந்தார். அவர் முதுகின்மேல் அம்மாவின் கை இருந்தது.

இரண்டாவது பந்து நேராகப் பிளாஸ்க்கில் போய் மோதியது. உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இதில் ஒரு சங்கடத்தைக் கவனியுங்கள். அந்த மணிக்கு ‘அடியுங்கள்’ என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். ‘அடிக்காதீர்கள்’ என்று சொல்ல வழியில்லை. ப்ரூஸ் மணியை நோக்கிப் பாய்ந்து, கையைத் தூக்கி, அப்படியே உறைந்து நின்றார். மணல் குழிக்குள்ளிருந்து அம்மா தலையைத் தூக்கிக் கேட்டார்.

“பிள்ளை, இன்னொருக்கா அடிக்கட்டே?”

“வேண்டாம்!”

நான் கீழே கிடந்த கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன். மணல் காலை உள்ளே இழுத்தது. உச்சிக்குப் போய்ச் சிவப்புக் கொடியைத் தலைக்குமேல் ஆட்டினேன். கீழே நான்கு ஆண்கள். மூன்றாமவர் மட்டையை ஓங்கியபடி நின்று என்னைப் பார்த்தார். அப்படியே மெதுவாக இறக்கினார். அவர் பெயர் கென். கோபத்தோடு மேலே ஏறி வந்தார்.

“மணி கேட்டதே!”

“கேட்டிருக்கும். அது உங்களுக்கு அடித்தது இல்லை.”

“பிறகு யாருக்கு?”

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். “கடவுளுக்கு. அடித்தது என் அம்மா.”

கென் மேட்டின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். மணல் குழிக்குள் இரண்டு பெண்கள் எழுந்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மணல் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

நான் இறங்கி வந்தபோது, அம்மாவின் கண் கலங்கியிருந்தது. “உனக்காகத்தானே அடிச்சனான். கோயில் இல்லையெண்டால் ஏன் மணி கட்டித் தூக்கியிருக்கினம்?”

“அழாதேங்கோ அம்மா. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை.”

“உன்ரை சோதினை?”

மார்கரெட் மணல் குழியைக் கையால் காட்டி, அம்மாவுக்கு விளங்கட்டும் என்று மிக மெதுவாக, “இதற்குப் பெயர் பங்கர்” என்றார்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். “ஓம், பாத்தாலே தெரியுதெண்டு சொல்லு.”

நான் மொழிபெயர்த்தேன். மார்கரெட் அம்மாவின் பக்கம் திரும்பினார். பிறகு அவர் கேட்டதும் அம்மா சொன்னதும் எல்லாம் என் வழியாகத்தான் போயின, ஆனால் அவை அவர்கள் இருவருக்கும் உரியவை, இங்கே எழுதவில்லை. புறப்படுமுன் அம்மா மணலுக்கென்று அங்கே போட்டிருந்த பல் வைத்த வாரியை எடுத்து, தாங்கள் விழுந்து கலைத்த மணலை ஓரம்வரை இழுத்துச் சமப்படுத்தினார். விதி தெரிந்து செய்யவில்லை. கலைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்குக் கை வராது.

மிச்சக் குழிகளை எப்படி ஆடினேன் என்று கேட்காதீர்கள். கடைசிக் குழி முடிந்ததும் மார்கரெட் கிளப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கார்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தார். ப்ரூஸ் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். என் காருக்கு முன்னால் மார்கரெட் நின்று கையை நீட்டினார். முடிந்தது என்று நானும் கையை நீட்டினேன். அவர் கை என்னைத் தாண்டிப் போய், அம்மாவின் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கியது. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே கண்ணாடித் துண்டுகள் சலசலத்தன.

“எங்கள் மைதானத்தில் உடைந்தது. உள்ளே வாருங்கள், தேத்தண்ணி குடிக்கலாம்.”

என் நிலையை யோசித்துப் பாருங்கள். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாயிற்று. ஆனால் இது நான் சேர்ந்ததற்கான தேத்தண்ணியா, உடைந்த பிளாஸ்க்குக்குப் பதில் தேத்தண்ணியா? ப்ரூஸைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். அவருக்கும் தெரியவில்லை.

உள்ளே யன்னலோரம் உட்கார்ந்தோம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தில் புன்னகை மாறாமல் என்னிடம் தமிழில் சொன்னார். “வெறும் சுடுதண்ணியெல்லோ. சாயம் எங்கை?”

“என்ன சொல்கிறார்?”

“நன்றி சொல்கிறார்.”

பக்கத்து மேசையில் கென் தன் நண்பர்களுக்கு நடந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ‘கடவுளுக்கு’ என்ற இடம் வந்தபோது மேசை குலுங்கியது. அம்மா எழுந்துபோய் அவர்களுக்கு மீன் ரோல்ஸ் டப்பாவை நீட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“மார்கரெட், மன்னிக்க வேண்டும். இந்தத் தேத்தண்ணி பிளாஸ்க்குக்கா, எனக்கா?”

“பிளாஸ்க்குக்கு” என்றார் அவர், யோசிக்காமல்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். முதன்முதலாக ஒரு பரீட்சையில் தவறியிருக்கிறேன், அதுவும் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது. மார்கரெட் கேத்தலை எடுத்து, பாதி காலியாகியிருந்த என் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார்.

“இது உனக்கு” என்றார். பிறகு, நான் ஏதும் கேட்காமலே, “பந்து வருகிற பக்கமாக ஓடுகிறவர்கள் இந்தக் கிளப்பில் குறைவு. மணலை வாருகிறவர்கள் அதைவிடக் குறைவு” என்றார். ப்ரூஸ் இருமினார். அவர் மணலை வாரியதே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள்! என் கோல்ஃப் பெரிதாக முன்னேறவில்லை. முன்னேறியது அம்மாவின் மணிதான். ஏழாவது குழியில் மணி அடிக்கும் வேலை நிரந்தரமாக அவருடையதாயிற்று. எல்லோரும் விலகிவிட்டோமா என்று வடிவாகப் பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்து அடிப்பார். உடனே மேட்டுக்கு அப்பாலிருந்து கென்னின் குரல் வரும்.

“எங்களுக்கா, கடவுளுக்கா?”

அம்மா கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு இங்கிலீசில் திருப்பிக் கத்துவார். “யூ! யூ!”

அதைக் கேட்டபிறகுதான் அந்தப்பக்கம் மட்டை வீசும் சத்தம் வரும். புதிதாக வந்தவர்கள் இதென்ன கூத்து என்று விழிப்பார்கள். ப்ரூஸ் இன்னொரு பழக்கம் பிடித்துக்கொண்டார். முக்கியமான போட்டி நாட்களில், ஒருவரும் பார்க்காத நேரம் மணியின் நாக்கை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், மறுகையால் மணியைத் தொட்டுவிட்டுப் போவார். அம்மா அதைப் பார்த்துவிட்டார். “மனுசன் களவாக் கும்பிடுது” என்று சொல்லிச் சிரித்தார். புதுப் பிளாஸ்க் ஒன்று மார்கரெட் வாங்கித் தந்தார், உடையாத இரும்புப் பிளாஸ்க். அதில் அம்மா கொண்டுபோகும் சாயம் பிடித்த தேத்தண்ணியைத்தான் மார்கரெட்டும் குடிப்பார்.

இப்போது நாங்கள் வீடு மாறி, மெல்பேர்னிலேயே கிளென் வேவர்லியில் இருக்கிறோம். ப்ரூஸ் மகளோடு இருக்கக் குயின்ஸ்லாந்து போய்விட்டார், அங்கே குளிரே இல்லை என்று குறைப்படுகிறார். கிளப்பின் பெயர்ப்பலகையில் இன்னும் இரண்டு தமிழ்ப் பெயர்கள் ஏறியிருக்கின்றன, ஒரு வியட்நாம் பெயரும். அம்மா புதன்கிழமைகளில் ஒரே ஒரு மட்டையோடு ஒன்பது குழி ஆடுகிறார். முழங்காலுக்கு நல்லது என்று நான்தான் சொன்னேன். சொன்னது தப்போ என்று இப்போது யோசிக்கிறேன், ஏனென்றால் நேராக அடிக்கிறார்.

ஆனால் கடல் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. முதலில் வேலி போயிற்று. அடுத்த வருடம் வேலியோரப் பாதை. பிறகு, அம்மாவும் மார்கரெட்டும் கிடந்த அந்த மணல் குழியே ஒரு புயலில் கடலுக்குள் சரிந்தது. இந்தக் குளிர்காலத்தில் மேட்டில் பாதி இடிந்து விழுந்தது. மீதியும் ஆபத்து என்று கிளப்பே அதைத் தட்டி நிரவி, குழியைக் கடலிலிருந்து உள்ளே தள்ளி வைத்துவிட்டது. போன வாரம் மார்கரெட் ஒரு படம் அனுப்பியிருந்தார். தேத்தண்ணி அறையில், ஹீற்றருக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மணி. ஆடாமல் இருக்க அதன் நாக்கைத் துணியால் கட்டியிருந்தார்கள். புது ஏழாவது குழியை எல்லோருக்கும் திறந்துவிடும் நாள், நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானம் போனோம். மெஷினிலிருந்து தப்பிய குச்சியையே ஏழாவதில் ஊன்றிப் பந்தை வைத்தேன். நிமிர்ந்தால் எல்லாம் தெரிந்தது. கொடி, குழி, அதற்கு அப்பால் கடல், கடலில் ஒரு கப்பல்கூட. எங்கே அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நன்றாகவே அடித்தேன். ஆனால் பந்து விழுந்து நெடுநேரமான பிறகும் என் காது எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

ஆடி முடித்து விலகினோம். அம்மா வண்டியை விட்டுவிட்டு, முன்பு தூண் இருந்த இடத்தைத் தேடிப் போனார். அங்கே செம்மஞ்சள் பிளாஸ்ரிக் வலை கட்டியிருந்தது. வலைக்கு அப்பால் நிலம் இல்லை, அலைதான். உருண்டைக் கல்லை எங்கேயோ கொண்டுபோயிருந்தார்கள். சிவப்புப் பூச்செடி ஒன்று மட்டும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வாங்கோ அம்மா, பின்னாலை ஆக்கள் நிக்கினம்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், கென் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இடையில் மேடு இல்லை, பற்றை இல்லை, வெறும் புல்வெளி. நாங்கள் விலகிவிட்டதை அவர் தெளிவாகப் பார்க்கலாம். பந்தும் ஏற்றி வைத்தாயிற்று. ஆனாலும் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எங்கள் பக்கமே பார்த்தபடி, அடிக்காமல் நின்றார்.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. வலையை விட்டு வந்து, வெளியில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நின்று, கையைக் குவித்து வாயில் வைத்தார்.

“யூ! யூ!”

கென் தொப்பியைத் தொட்டார், பிறகு அடித்தார். பந்து கிளம்பி உயர்ந்து வளைந்து புல்லில் விழுந்து உருண்டு நிற்கும்வரை முழுவதையும் பார்த்தோம். இத்தனை வருடத்தில் ஏழாவது குழியில் அவர் பந்து கிளம்புவதையும் வந்து விழுவதையும் சேர்த்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.